ஐந்தாவது குழந்தையாகப் போங்கள்

நாலு குழந்தைகள் மும்முரமாக விளையாடிக்கொண்டிருக்கும் இடத்துக்கு ஐந்தாவதாக ஒரு குழந்தை வந்தால் என்ன நடக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா? 'நானும் வரட்டுமா?' என்று அது பெரும்பாலும் கேட்காது. கேட்டால் 'முடியாது, போ' என்று பதில் வர வாய்ப்பு அதிகம். அதனால் முதலில் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும். அப்புறம் ஒரு சுற்று சுற்றி வரும். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர்கள் செய்வதையே தானும் தனியாகச் செய்யும். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு நடுவில் இருக்கும். எப்போது உள்ளே நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது.

வெளிநாட்டில் சின்னக் குழந்தைகளுக்குத் தன்னார்வ ஆசிரியராகப் போகிறேன் என்று யோசனை கேட்டு வருபவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். அந்த ஐந்தாவது குழந்தை எப்படிப் போகிறதோ, அப்படிப் போங்கள். கேட்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை. பாட்டு, பொம்மலாட்டம், பலூன், ஸ்டிக்கர் என்று ஒரு பெட்டி நிறையத் தயாராக வைத்திருப்பார்கள். போய் இறங்கிய முதல் நாளே வகுப்பைக் கலகலப்பாக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆசையில் தப்பில்லை. ஆனால் அது அவர்களுடைய வகுப்பு இல்லை.

குழந்தைகளின் இந்த நுழைவு முறையை ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-ல் வெளியிட்ட கட்டுரையில், சின்னக் குழந்தைகள் சேர்ந்து விளையாடுவதை வகை பிரித்தார். மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து தனியாக ஆடுவது, கூடிக் கூட்டாக ஆடுவது என்று போகிறது அந்த வரிசை. சும்மா நின்று பார்ப்பதையும் அவர் ஒரு தனி வகையாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். அதே நாட்டைச் சேர்ந்த சமூகவியலாளர் வில்லியம் கோர்சாரோ இன்னும் ஒரு படி மேலே போனார். 1970-களில் கலிபோர்னியாவில் ஒரு மழலையர் பள்ளியில் ஆய்வு செய்தபோது, பெரியவர்கள் வழக்கமாகச் செய்வதை அவர் செய்யவில்லை. பெரியவர்கள் வருவார்கள், இரண்டு கேள்வி கேட்பார்கள், ஒரு சண்டையை விலக்குவார்கள், போய்விடுவார்கள். இவர் விளையாடும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, குழந்தைகளாக வந்து பேசட்டும் என்று காத்திருந்தார். கடைசியில் குழந்தைகள் அவருக்குப் 'பெரிய பில்' என்று பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் வேலை செய்த ஊரையும் நாட்டையும் இங்கே சொல்லப்போவதில்லை. சின்ன ஊர், ஒரே ஒரு மழலையர் பள்ளி. ஊரைச் சொன்னால் பள்ளி தெரிந்துவிடும், பள்ளி தெரிந்தால் குழந்தைகள் யார் யார் என்று தெரிந்துவிடும். அங்கே சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட தாளில் இதுவும் ஒரு நிபந்தனை. நல்ல நிபந்தனை. சமூக வலைத்தளத்தில் குழந்தைகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டு நிற்கும் வாலண்டியர் படத்தைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: அந்தக் குழந்தையின் அம்மாவிடம் கேட்டார்களா?

வகுப்பில் நான் முதலில் சந்தித்தது ஒரு நாற்காலியை. மூன்று வயதுக் குழந்தைக்கான நாற்காலி. அதில் உட்கார்ந்தால் முழங்கால் மார்புக்கு வரும். வகுப்பு டீச்சர் அதைப் பின்பக்கம், அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போட்டு, இங்கே உட்காருங்கள் என்று சைகை காட்டினார். பெரிய நாற்காலி ஒன்று அறையில் இருந்தது. அதை எனக்குத் தரவில்லை. காரணம் அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த உயரத்தில் குழந்தைகளின் கண் என் கண்ணுக்கு நேராக இருந்தது. மேசைக்கு அடியில் யார் யாரை உதைக்கிறார்கள், எந்தக் குழந்தை கிரேயானைக் கடித்துக்கொண்டிருக்கிறது, யாருக்குப் பாத்ரூம் அவசரம் என்பதெல்லாம் நின்றுகொண்டிருக்கும் ஆளுக்குத் தெரியவே தெரியாது.

எனக்குக் கொடுத்த வேலை செருப்பு வரிசை, தண்ணீர்க் குடம், மூக்குத் துடைப்பது. பாடம் இல்லை. படித்துவிட்டு, சான்றிதழ் வாங்கிக்கொண்டு, இவ்வளவு தூரம் வந்தது செருப்பு அடுக்கவா என்று தோன்றும். தோன்றட்டும். ஒரு குழந்தை செருப்பைக் கழற்றும் விதத்திலேயே அதன் காலை நேரம் வீட்டில் எப்படிப் போயிருக்கும் என்று பாதி தெரிந்துவிடும். ஒருவன் கழற்றி, ஜோடி சேர்த்து, வரிசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். இன்னொருத்தி ஒரு காலை மட்டும் கழற்றிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நிற்பாள். இரண்டாவது கால் கழற்றப்படும்வரை அவள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். டீச்சர் அவளை அவசரப்படுத்தியதே இல்லை. மூன்று நான்கு வயதில் பள்ளி வாசலைத் தாண்டுவது பெரிய காரியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் அப்போது அதே பிரச்சினைதானே.

மொழிக்கு வருவோம். போவதற்கு முன் அந்த நாட்டு மொழியில் பேச்சுப் புத்தகம் வாங்கிப் படிப்பவர்கள் உண்டு. ரயில் நிலையம் எங்கே, இது என்ன விலை, எனக்கு ஒரு அறை வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மழலையர் வகுப்பில் இதில் எதுவும் உதவாது. அங்கே தேவைப்படுவது வேறு ஒரு பட்டியல். அம்மா வருவாங்க. எங்கே வலிக்குது? பாத்ரூம் போகணுமா? கொஞ்சம் பொறு. அவன் முறை முடியட்டும். கடிக்காதே. மெதுவா. யாரோடது இது? நீயே செய்தியா? 'அம்மா வருவாங்க' என்பதை விமானம் ஏறும் முன்பே தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் படித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் அதிகம் சொல்லும் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். கூடவே எல்லாக் குழந்தைகளின் பெயரும், வீட்டில் கூப்பிடுகிற அதே உச்சரிப்பில். பெயரைக் குதறினால் சின்னக் குழந்தை திருத்தாது, திரும்பியே பார்க்காது.

பேசத் தெரியாமல் இருப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. என் உச்சரிப்பில் ஒரு எழுத்து சரியாக வராது. அதை முதலில் கண்டுபிடித்தது ஜோடி சேர்த்துச் செருப்பு வைக்கும் அந்தப் பையன். என் எதிரே உட்கார்ந்து, வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கு எங்கே படவேண்டும் என்று விரலால் காட்டினான். நான் சொன்னேன். தலையை ஆட்டினான், இல்லை. மறுபடி சொன்னேன். எழுந்து போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தான். மூன்று பேரும் சேர்ந்து எனக்குப் பாடம் நடத்தினார்கள். அதில் ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள் என்று பெயர் எடுத்தவள், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு டீச்சர் மாதிரியே நின்று சொல்லிக்கொடுத்தாள்.

கோர்சாரோவுக்கும் இதே கதைதான். பிற்பாடு அவர் இத்தாலியில் போலோன்யா நகரத்து மழலையர் பள்ளிக்கு ஆய்வுக்குப் போனபோது அவருடைய இத்தாலிய மொழி ரொம்ப சுமார். பள்ளி ஆசிரியர்களுக்கு அவர் பேசுவது சில நேரம் புரியாது. குழந்தைகள் அவர் தப்பைச் சொல்லிச் சிரித்தார்கள், திருத்தினார்கள், கூடவே வைத்துக்கொண்டார்கள். தங்களைவிடக் குறைவாகத் தெரிந்த ஒரு பெரிய ஆள் கிடைப்பது குழந்தைகளுக்கு அபூர்வம். நான்கு வயதில் ஒரு குழந்தைக்கு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இருக்கிறார்கள், அது சொல்லிக்கொடுத்தால் கேட்டுக்கொள்ள ஆள் இல்லை.

ஆனால் இதை வைத்துக்கொண்டு மொழியே கற்காமல் காலத்தை ஓட்டுவது சோம்பேறித்தனம். தாய்மொழியில் கற்பிப்பதே குழந்தைகளுக்கு நல்லது என்று யுனெஸ்கோ நிபுணர்கள் 1953-லேயே சொல்லிவிட்டார்கள். ஆங்கிலம் கற்பிக்கத்தான் கூப்பிட்டார்கள் என்றாலும், விழுந்து அழும் குழந்தையை ஆங்கிலத்தில் தேற்ற முடியாது. ஆங்கிலம் கற்பிப்பதிலும் சின்னக் குழந்தைகளுக்கு உடம்பு முதலில், வாய் அப்புறம். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் உருவாக்கிய முறை இன்றும் இந்த வயதுக்குப் பொருந்துகிறது. நில், உட்கார், குதி, கதவைத் தொடு என்று சொல்லி நீங்களும் செய்ய வேண்டும். திருப்பிச் சொல் என்று கேட்கக் கூடாது. கேட்டுக் கேட்டு உடம்பில் ஏறியது தானாக வெளியே வரும். அதுவரை பேசாமலிருக்கிற குழந்தையைப் பேசவைக்கப் பார்ப்பது வீண்வேலை.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். நீங்கள் உள்ளே நுழைந்தவுடன் முன்பின் பார்த்திராத குழந்தைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால், மடியில் ஏறினால், கையை விடமாட்டேன் என்றால், உங்களுக்கு மனம் நிறையும். வாலண்டியர் நிறுவனங்களின் விளம்பரப் படங்கள் எல்லாம் அந்தக் காட்சிதான். அதைப் பார்த்து எனக்குப் பயம்தான் வருகிறது.

மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1954-ல் கணவரின் வேலை காரணமாக உகாண்டாவுக்குப் போனவர். அங்கே 26 குடும்பங்களின் கைக்குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் பதிவு செய்தார். அம்மா பக்கத்தில் இருக்கும் தைரியத்தில் குழந்தை தவழ்ந்து போய் உலகத்தைச் சுற்றிப் பார்க்கிறது, பயம் வந்தால் அவளிடமே திரும்பி ஓடுகிறது என்பது அங்கே அவர் கண்ணால் கண்டது. புது ஆளைப் பார்த்தால் தயங்குவதும் அம்மாவுக்குப் பின்னால் ஒளிவதும் ஆரோக்கியமான குழந்தையின் வேலை.

இதற்கு மறுபக்கம் ருமேனியாவில் தெரிந்தது. 2000-ல் புக்கரெஸ்ட் நகரின் ஆதரவு இல்லங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளைக் கொண்டு ஒரு நீண்ட ஆய்வு தொடங்கியது. குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். இந்தக் குழந்தைகளுக்கு நான்கரை வயதானபோது ஒரு சோதனை வைத்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்று, என்னோடு வா, ஒன்று காட்டுகிறேன் என்று கூப்பிடுவார். சொந்த வீட்டில் வளர்ந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட யாருமே கிளம்பவில்லை. இல்லத்தில் விடப்பட்டவர்களில் பலர் எழுந்து கூடவே போய்விட்டார்கள். யாரிடமும் ஒட்டிக்கொள்ளும் பழக்கம், ஒட்டிக்கொள்ள நிலையான ஒருவர் இல்லாததால் வந்தது. மாதம் ஒரு வாலண்டியர் வந்து கொஞ்சிவிட்டுப் போகிற இடத்தில் அந்தப் புண் ஆறாது.

அதனால் என் கருத்து கறாரானது. குழந்தைகள் இல்லங்களுக்குக் குறுகிய காலத் தன்னார்வலராகப் போகாதீர்கள். உலகம் முழுக்க இந்த இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வறுமைதான் பிரிக்கிறது. வெளிநாட்டுப் பணமும் பார்வையாளரும் வருவதால் குழந்தைகளைச் சேர்க்கிற இல்லங்களும் உண்டு. 2019-ல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தைகள் உரிமைத் தீர்மானம், சுற்றுலாவோடு சேர்ந்த இல்லத் தன்னார்வப் பணிகளால் வரும் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. மாலையில் பெற்றோர் வந்து கூட்டிப்போகும் பகல்நேரப் பள்ளியைத் தேடுங்கள். அங்கே குழந்தைகள் உங்களைக் கண்டு ஒளிந்தால் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, ஒளிந்தவர்கள் வெளியே வந்த பிறகும் ஒரு எல்லை வேண்டும். அழும் குழந்தை என்னிடம் வந்தால், கையைப் பிடித்து டீச்சரிடம் கூட்டிப்போவேன். என் மடியிலேயே சமாதானம் ஆகட்டும் என்று வைத்துக்கொள்வதில்லை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த வருஷமும் அந்த அறையில் இருக்கப்போவது அவர்தான். பாத்ரூமுக்கு ஒரு குழந்தையோடு தனியாகப் போவதில்லை, கதவை மூடிய அறையில் தனியாக இருப்பதில்லை என்பதையும் முதல் நாளே டீச்சரிடம் பேசிவிட வேண்டும். இது உங்கள் நல்ல மனதைச் சந்தேகிக்கிற விதி இல்லை, எல்லோருக்கும் பொதுவானது. இப்படி ஒரு விதியே இல்லாத பள்ளி என்றால் யோசியுங்கள்.

டீச்சரோடு உறவு எல்லாவற்றிலும் முக்கியம். சம்பளம் குறைவு, குழந்தைகள் அதிகம், வருஷக்கணக்கில் அதே அறை. அங்கே புதிதாக ஒரு ஆள் வந்து, புதுப் பாட்டு பாடி, குழந்தைகளின் கைதட்டலை வாங்கிக்கொண்டால் அவருக்கு எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்த பாட்டுகளை நான் முதலில் அவரிடம் பாடிக் காட்டினேன். பிடித்ததை அவர் எடுத்துக்கொண்டார், மெட்டைக் கொஞ்சம் மாற்றினார், தன் மொழியில் சொற்களைப் போட்டார். குழந்தைகளுக்கு அது டீச்சரின் பாட்டாகவே போய்ச் சேர்ந்தது. நான் கிளம்பிய பிறகும் பாட ஆள் இருக்க வேண்டும் என்றால் அப்படித்தான் செய்ய முடியும்.

எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அந்த ஊரில் குழந்தைகளை அடிக்கிறார்கள் என்றால் என்ன செய்வது? நம் பழக்கம் வேறு, அவர்கள் பழக்கம் வேறு என்று கண்ணை மூடிக்கொள்ளும் ஆட்களும் உண்டு, குழந்தைகள் முன்னாலேயே டீச்சரோடு சண்டைக்கு நிற்பவர்களும் உண்டு. இரண்டுமே உதவாது. வன்முறையிலிருந்து குழந்தையைக் காக்க வேண்டும் என்று 1989-ன் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை சொல்கிறது. 1979-ல் சுவீடன் வீட்டிலும்கூட அடிக்கக் கூடாது என்று முதலில் சட்டம் போட்டது, பிறகு பல நாடுகள் சேர்ந்துகொண்டன. போகும் நாட்டில் சட்டம் என்ன, பள்ளியில் இதற்குப் பொறுப்பு யார் என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆபத்து என்றால் உடனே அவரிடம் சொல்ல வேண்டும், தயங்கக் கூடாது. கை ஓங்கப்படுவது களைப்பில், சத்தம் தாங்காமல் என்றால், உங்களால் செய்யக்கூடிய உருப்படியான காரியம் இருக்கிறது. ஆட்டம் முடிந்து சாப்பாட்டுக்குப் போகும் அந்த இடைவேளையில்தான் எல்லா வகுப்பும் கலையும். அந்த நேரத்தில் பாதிக் குழந்தைகளை நீங்கள் பார்த்துக்கொண்டால், ஓங்க வேண்டிய தேவையே பல நாள் வராது.

வகுப்புக்கு வெளியே உள்ள வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் மாதங்களில் குழந்தைகளிடமிருந்து சளி, காய்ச்சல், கண்வலி எல்லாம் வரிசையாக வரும். தடுப்பூசியைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தொண்டை போகும், அதனால் கத்தாமல் கைதட்டிக் கூப்பிடப் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மாதிரி இருக்கும். பழக்கமில்லாத நாட்டில் வரும் இந்தத் தடுமாற்றத்தை, அதாவது கலாச்சார அதிர்ச்சியை, 1954-ல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பெண்கள் சங்கத்துக் கூட்டத்தில் விளக்கிப் பேசிப் பரவலாக்கிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், அதன் அறிகுறிகளையும் அடுக்கினார். ஓயாமல் கை கழுவுவது, குடிதண்ணீரைப் பற்றியும் படுக்கையைப் பற்றியும் அளவுக்கு மீறிக் கவலைப்படுவது, சின்னத் தாமதத்துக்கும் கோபம் வருவது, சொந்த நாட்டுக்காரர்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்வது. படித்தபோது சிரித்தேன். அந்தக் குடிதண்ணீர்க் கவலை எனக்கும் இருந்தது. ஓபெர்க் சொன்னபடியே அது வந்து, இருந்து, போய்விட்டது. மொழி கொஞ்சம் வசப்பட்டதும் பாதிப் பாரம் இறங்கிவிடும் என்றும் அவர் சொன்னார், அதுவும் உண்மைதான்.

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் வாங்காவிட்டாலும் பல நாடுகளில் தன்னார்வ வேலைக்குத் தனி விசா வேண்டும், சுற்றுலா விசா போதாது. போலீஸ் சான்றிதழ் கேட்காமல் குழந்தைகளிடம் விடுகிற நிறுவனத்துக்குப் போகாதீர்கள். நீங்கள் நல்லவர் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எவ்வளவு காலம் என்பதில் மட்டும் பேரம் பேசாதீர்கள். வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பான பீஸ் கோர் 1961-ல் முதல் அணியைக் கானாவுக்கு அனுப்பியது. அவர்கள் ஆசிரியர்கள். அக்ரா விமான நிலையத்தில் இறங்கியதும் அந்த நாட்டின் ட்வி மொழியில் ஒரு பாட்டுப் பாடினார்களாம். நல்ல தொடக்கம். ஆனால் அந்த அமைப்பில் இன்றைக்கும் வழக்கமான பணிக்காலம் பயிற்சியோடு சேர்த்து 27 மாதம். 1958-ல் பிரிட்டனில் தொடங்கிய விஎஸ்ஓ என்ற தன்னார்வ அமைப்பு, முதலில் பள்ளி முடித்த 18 வயது இளைஞர்களை அனுப்பியது, பிறகு பயிற்சியும் அனுபவமும் உள்ளவர்கள் பக்கம் திரும்பியது. மழலையர் வகுப்புக்கு ஒரு கல்வியாண்டுக்குக் குறைந்து போவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வாரத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், அந்த டிக்கெட் பணத்தைப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம்.

கிளம்புவதையும் கமுக்கமாகச் செய்யக் கூடாது. குழந்தைகளுக்கு அடுத்த மாதம் என்றால் புரியாது. டீச்சர் ஒரு தாளில் கட்டங்கள் போட்டுச் சுவரில் ஒட்டினார். தினமும் காலையில் ஒருவர் வந்து ஒரு கட்டத்துக்கு வண்ணம் அடிப்பார்கள். வண்ணம் அடிக்க யார் முறை என்பதில்தான் சண்டை வந்தது, நான் போவதைப் பற்றி அல்ல. திரும்பி வருவேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர்க் குடத்தை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒருத்தி கேட்டாள். அதை முடிவு செய்ய ஒரு காலைப்பொழுது ஆனது, இரண்டு பேர் பொறுப்பேற்றார்கள்.

அடுத்து வரும் தன்னார்வலருக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். யாருக்கு எந்தப் பெயர் சொன்னால் பிடிக்கும், யாருக்குச் சத்தம் ஆகாது, யாரை அவசரப்படுத்தக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. ஜன்னலோரம் உட்காரும் பையனுக்கு 'கேட்டால் பதில் வராது, காத்திருக்கவும்' என்று எழுதியிருந்தேன். டீச்சர் முழுவதையும் படித்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் பேனாவை எடுத்து, 'தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் கேட்கவும், பிறகு பேச்சை நிறுத்த முடியாது' என்று சேர்த்துவிட்டு, தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்.